பதினாலு ஊசியும் ஒரு கயிறும்

சுகாதாரத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பேசுவதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எண்பதைத் தாண்டியவனை மேடைக்குக் கூப்பிடுவதில் ஒரு தொல்லை உண்டு, சீக்கிரத்தில் இறங்கமாட்டான். கிராமத்து நம்பிக்கைகளோடு மோதாமல் மருத்துவத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது அன்றைய தலைப்பு. என்னை அறிமுகப்படுத்திய அதிகாரி, "செஞ்சிப் பக்கத்தில் கயிறு மந்திரிப்பவரையே ஊசிக்கு ஆள் அனுப்ப வைத்த கம்பவுண்டர் இவர்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் அந்தக் கதையைச் சொன்னேன். வழக்கம்போலப் பாதியோடு நிறுத்திக்கொண்டு இறங்கிவிட்டேன். மீதியை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைகளும் என்னைப் போலவே செய்வார்கள் என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. செஞ்சிக்குக் கிழக்கே ஒரு கிறிஸ்தவக் கிராமத்தில் பிறந்தவன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதராஸில் கம்பவுண்டர் படிப்புப் படித்தேன். மருந்து கலக்கவும், வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டவும், டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். மூன்றில் கடைசியானதுதான் கஷ்டம். அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் அப்போதிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை.

எங்கள் டாக்டர் திருநெல்வேலிக்காரர். உயரமான, மெலிந்த மனிதர். கோவணத்தோடு வருகிறவரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரைக்கும் எதிரே நிற்கிறவனுக்கு மூச்சு முட்டும். அதற்கு நாலு திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று வார்டு ஆயம்மா சொல்லுவார்.

நாய்க்கடி என்று யாராவது வந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "நாய் எங்கே?" என்பதுதான். கடிபட்டவருக்கு இது எரிச்சலாக இருக்கும். காலில் ரத்தம் ஒழுக நிற்கிறவனிடம் நாயின் சௌக்கியத்தை விசாரித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருந்தது. நாய் வீட்டு நாயா, தெரு நாயா? உயிரோடு இருக்கிறதா? இருந்தால் அடித்துக் கொல்லாதீர்கள், கட்டிப்போட்டுச் சோறு வையுங்கள். பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால் அது வெறிநாய் இல்லை, ஊசியை நிறுத்திவிடலாம். நாய் செத்தாலோ, ஓடிப்போனாலோ, யாராவது அடித்துக் கொன்றுவிட்டாலோ பதினாலு ஊசியையும் போட்டே ஆக வேண்டும்.

கடிவாயை டாக்டரே கழுவுவார். எங்களிடம் விடமாட்டார். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பைக் குழைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் கழுவுவார். அதற்குப் பிறகுதான் ஊசி. மருந்து குன்னூரிலிருந்து வரும். மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஃபிரிட்ஜில் அதை வைத்திருந்தோம். அந்த ஃபிரிட்ஜின் திரியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்து எடுத்து, ஆளைப் படுக்கவைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைக் கிள்ளித் தூக்கி, மெதுவாக ஏற்ற வேண்டும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். பதினாலு நாளும் விடாமல். போட்ட இடம் கொழுக்கட்டை போல வீங்கிக்கொள்ளும். நாலாவது நாளிலேயே நோயாளி என்னைக் கசாப்புக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஐந்தாவது நாள் வரமாட்டார்.

அப்படி ஓடிப்போகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், வராமலே இருந்தவர்கள்தான் அதிகம். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று விசாரித்தபோது ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வல்லம் போகிற சாலையை ஒட்டிய ஒரு ஊரில் ஏகாம்பரம் என்று ஒருவர். கொஞ்சம் நிலம், மணிலாக்கொட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலைப் பயிர். நாய்க்கடிக்குக் கயிறு கட்டுவது அவருக்கு அப்பா வழியில் வந்தது. அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். வாங்கினால் மந்திரம் பலிக்காதாம். அவர் கட்டுவதற்குச் சில விதிகள் உண்டு. கறுப்புக் கயிற்றில் ஏழு முடிச்சு. நாற்பத்தெட்டு நாள் கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது. அந்த நாற்பத்தெட்டு நாளும் உடம்பில் இரும்பு படக்கூடாது. அதனால் சவரம் கிடையாது, அரிவாள் பிடிக்கக்கூடாது, ஊசியும் கூடாது. எங்களுக்கு நோயாளிகள் ஏன் வரவில்லை என்பது இந்தக் கடைசி விதியில் தெரிந்துவிட்டது.

நான் முதலில் போட்ட கணக்கு அவரைப் போய் மிரட்டுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். போன இடத்தில், கடிபட்ட ஒரு கிழவர் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் யார் யார், எந்தப் பிள்ளை எங்கே, மழை எப்படி என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு முடிச்சாகப் போட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. கிழவரின் நடுக்கம் என் கண்ணெதிரே நின்றது. கடைசியில் ஏகாம்பரம், "நாப்பத்தெட்டாம் நாள் வா. நானே அவுத்துடறன். அதுக்கப்புறம் உனுக்கு ஒண்ணியும் இல்ல" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியிடமும் 'இனி உனக்கு ஒன்றுமில்லை' என்று ஒரு தேதி குறித்து நாங்கள் சொன்னதே கிடையாது. டாக்டர் பொய் சொல்லமாட்டார். பதினாலு ஊசி போட்ட பிறகும், "பெரும்பாலும் பயமில்ல" என்பார். அந்தப் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

மனிதர்கள் ஏன் கயிற்றுக்குப் போகிறார்கள் என்று படித்தவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரை மணி நேரம் ஞாபகம் வரும். முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இன்னொன்றும் உண்டு. கடிக்கிற நாய்களில் வெறிநாய் கொஞ்சம்தான். அதனால் கயிறு கட்டிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். பிழைத்தவர்கள் எல்லோரும் கயிற்றுக்குச் சாட்சி. செத்தவன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. அவன் கத்தரிக்காய் தின்றிருப்பான் என்று ஊர் முடித்துவிடும்.

கிழவர் போனதும் நான் விஷயத்தைச் சொன்னேன். மிரட்டும் எண்ணம் போய்விட்டிருந்தது. நீங்கள் கட்டுங்கள், ஆனால் கட்டிவிட்டு எங்களிடம் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"இரும்பு படக்கூடாதுங்களே" என்றார் ஏகாம்பரம். தர்க்கம் செய்கிற தொனி இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எனக்கே தெரியும் சார். கட்டுனவங்கள்ல ரெண்டு மூணு பேரு போய்ட்டாங்க. மனசு கேக்கல. ஆனா எங்க நைனா சொல்லிட்டுப் போன விதிய நான் எப்பிடி மாத்தறது?"

நான் பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் காட்டினேன். "இது நீங்க நினைக்கிற இரும்பு இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். மேலே என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. அப்போது மோர் கொண்டுவந்த அவர் மனைவி அந்த ஊசியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பெயர் பச்சையம்மா. கணவர் எவ்வளவு மெதுவோ அவ்வளவு வேகம் அந்த அம்மா.

"இன்னாங்க நீங்க? இது எவர்சில்வரு. எங்கம்மா வூட்ல குடுத்த டம்ளரு மாதிரியே மின்னுது பாருங்க. துரு புடிக்குமா கம்பவுண்டரண்ணா?"

"பிடிக்காதும்மா."

"துரு புடிக்கலன்னா அது எப்பிடி இரும்பு? உங்க நைனா காலத்துல எவர்சில்வரு ஏது? அவுரு இன்னாத்துக்கு அதுக்கு விதி சொல்லப்போறாரு?"

ஏகாம்பரம் யோசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "எவர்சில்வருன்னா தோஷமில்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். எவர்சில்வரும் இரும்புதான் என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. மோரைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் பாடிக்கொண்டே திரும்பி வந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஊசி குத்தின தழும்பு எங்க இருக்கும், சவரி?"

"வயித்துல, சார்."

"கயிறு?"

"கையில."

"அவங்க ஊருக்குப் போனதும் நாலு பேரு எதைப் பாப்பாங்க?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வர்றவங்க வரட்டும். ஆனா கயிறு வேலை செய்யாதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்க சொல்லணும்" என்றார்.

வந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்தே மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றோடு வரத் தொடங்கினார்கள். முன்பு ஐந்தாவது நாளில் ஓடியவர்கள் இப்போது பதினாலு நாளும் வந்தார்கள். ஏகாம்பரம் சொல்லியனுப்பியிருந்தார் அல்லவா, அவர் பேச்சைத் தட்டமுடியாது. ஒரே ஒரு நாள் தவறினாலும் கயிறு பலிக்காது என்று ஊசியையும் தன் பத்தியத்தில் சேர்த்துவிட்டார் மனிதர். ஃபிரிட்ஜில் மருந்து போதாமல் குன்னூருக்கு அடிக்கடி எழுதவேண்டியிருந்தது. டாக்டர் சொல்லச் சொன்னதை முதல் நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் முகம் வாடியது. ஒருவர் மறுநாள் வரவில்லை. அதோடு சொல்வதை விட்டுவிட்டேன். வேலை நடக்கிறது, எதற்கு வம்பு என்று நினைத்தேன். டாக்டர் கேட்டால், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒருமுறை ஏகாம்பரத்தைச் சந்தையில் பார்த்தபோது, அவர் உற்சாகம் குறையாமல் இருக்கவேண்டுமே என்று, "இப்போ கொஞ்ச காலமா உங்ககிட்ட வந்தவங்கள்ல ஒருத்தரும் சாகலைங்க. உங்க கை ராசியான கை" என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நல்ல மனிதரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. ஏகாம்பரத்தின் பெயர் மேல்மலையனூர் வரைக்கும், அந்தப் பக்கம் சீயமங்கலம் வரைக்கும் பரவியது. நாற்பத்தெட்டாம் நாள் கயிறு அவிழ்க்கும்போது ஊரே கூடிப் பார்க்குமாம். எங்கள் ஊசியின் பெயரை யாரும் சொல்லவில்லை. அதைப்பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. ஆள் பிழைத்தால் சரி.

புரட்டாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். காலரா ஊசி போட எங்களை அங்கே அனுப்புவார்கள். கோயிலுக்கு வெளியே ஒரு கொட்டகையில் நான் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஸ்பெஷல் பஸ்கள் வந்து ஆட்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. ஏகாம்பரம் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. சௌக்கியம் விசாரித்தேன்.

"நல்லா இருக்கோம் சார். மணிலாக்கொட்டை புடுங்கியாச்சு. எங்க வூட்டுக்காரி வெரல்லதான் நாலு நாளைக்கி முன்ன ஒரு குட்டிநாய் பல்லு வெச்சிடுச்சு. களத்துல கொடிக்கு அடியில படுத்துனு இருந்துச்சாம். பாக்காம கைய வுட்டுட்டா."

"குட்டி எங்க இருக்குது?" என்று கேட்டேன். டாக்டரின் கேள்வி எனக்குள்ளும் ஊறிவிட்டிருந்தது.

"அது எங்கயோ ஓடிப் போச்சு. மறுநாளு காணோம்."

"நாளைக்கே அந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். பணிவான சிரிப்புதான். "எங் கையாலயே கட்டிட்டன் சார். இப்ப எனக்குக் கை கூடிடுச்சு. முன்ன மாதிரி இல்ல. நீங்களே சொன்னீங்களே, ஒருத்தரும் சாவலன்னு. இன்னும் அவளயும் ஊசிக்கு இட்டாந்தா, ஏகாம்பரத்துக்கே அவன் கயித்துல நம்பிக்கை இல்லன்னு ஊரு சொல்லாதா? அப்புறம் யாரு எங்கிட்ட வருவாங்க? உங்களுக்குந்தான் ஆளு அனுப்ப முடியாது."

"இல்லைங்க, எதுக்கும் ஒரு தடவை..." என்றேன்.

"அவளே வாணான்றா சார். கீறலுதான்."

அந்த இடத்தில் நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். உங்கள் கயிறு யாரையும் காப்பாற்றவில்லை, எங்கள் மருந்துதான் காப்பாற்றியது. அதைச் சொன்னால் அவர் மனம் உடையும். கோபித்துக்கொண்டு அடுத்த நாளிலிருந்து ஆள் அனுப்புவதை நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று வருஷமாகக் கட்டிவைத்தது சரிந்துவிடும். குட்டி நாய்தானே, கீறல்தானே, எத்தனை நாய்க்கு வெறி இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயிறு கட்டிக்கொள்கிறவன் போடுகிற அதே கணக்கு. வரிசையில் ஒரு அம்மாள், "சீக்கிரம் போடுங்க சாமி, பஸ்ஸு போய்டும்" என்று கையை நீட்டினாள். நான் ஊசியை எடுத்தேன். ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். டாக்டரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவரே வண்டி கட்டிக்கொண்டு போயிருப்பார். சொல்லவில்லை. சொன்னால், கயிறு வேலை செய்யாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் சேர்ந்து வெளியே வந்திருக்கும்.

கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. முன்னும் பின்னும் துணியைக் கட்டி மறைத்திருந்தார்கள். காற்றுப் பட்டால் தொண்டையை இழுக்கிறது என்று உள்ளேயிருந்து ஏகாம்பரத்தின் குரல் கேட்டது. அதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பச்சையம்மாவை உள் அறையில் படுக்கவைத்தோம். டாக்டர் ஜன்னலை மூடச் சொன்னார். அந்த அம்மா தெளிவாக இருந்தார். அதுதான் அந்த நோயின் கொடுமை. நினைவு கடைசி வரைக்கும் நன்றாக இருக்கும். டாக்டர் விரலைப் பார்த்தார். வடு ஆறியிருந்தது. இரண்டு சின்னப் புள்ளிகள், அவ்வளவுதான். "இங்க எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"சுருசுருன்னு இருக்குதுங்க. தோள் வரைக்கும் ஏறுது. ரெண்டு நாளா."

"தண்ணி குடிச்சீங்களா?"

"தாகமா இருக்குது. ஆனா முடியலீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பச்சையம்மா இரண்டு கையாலும் ஆசையாக வாங்கினார். வாய்க்கு அருகே கொண்டுபோவதற்குள் கழுத்து இழுத்தது. முகம் கோணியது. டம்ளர் கீழே விழுந்து உருண்டது. நான் குனிந்து எடுத்தேன். டாக்டர் அந்த அம்மாவின் நெற்றியில் கை வைத்து, இழுப்பு நிற்கும்வரை அப்படியே நின்றார். "பரவாயில்லம்மா. தண்ணி வேண்டாம்" என்றார். வெளியே வந்து ஏகாம்பரத்திடம் இரண்டே வாக்கியம் சொன்னார். இதற்கு மருந்து கிடையாது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம். ஏகாம்பரம் தலையை ஆட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கடிச்சது உங்களுக்குத் தெரியுமா, சவரி?"

"தெரியும் சார். மேல்மலையனூர்ல சொன்னாரு."

கண்ணாடியைத் துடைப்பார் என்று காத்திருந்தேன். துடைக்கவில்லை. "தூக்கத்துக்கு ஊசி போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

நான் ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு போனேன். பச்சையம்மா அதைப் பார்த்துவிட்டார். இழுப்புக்கு நடுவே முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அந்த ஊசியாண்ணா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"அன்னிக்கே வந்திருக்கணும். நாந்தான் கீறலுன்னு வுட்டுட்டன். அவுரத் திட்டாதீங்க." கையைக் கொடுத்தார். ஊசியை ஏற்றினேன். "வயித்துல இல்ல போடுவீங்க?"

"மொத ஊசி கையிலதாம்மா."

"அப்போ இன்னும் பதிமூணு. நாள் தவறாம வந்துடறன்" என்றார்.

கண் சொருகி, கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். நான் அந்த அறையைவிட்டு வெளியே வந்து, மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். ஏகாம்பரம் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். பயந்துபோன ஒரு உயிருக்கு ஒரு தேதியையும் ஒரு எண்ணிக்கையையும் கொடுத்தேன். அதற்கு அவ்வளவு பலம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பச்சையம்மா மறுநாள் உச்சிவேளைக்கு முன்னால் இறந்துபோனார். கையில் கயிறு இருந்தது.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கத்தான் மனம் விரும்பியது. ஏகாம்பரம் விதைக்கு எடுத்துவைத்த மணிலாக்கொட்டையை உரித்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். நானும் ஒரு பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட வந்தவங்க ஒருத்தரும் சாவலன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்."

"பொய்யா சார்?"

"பொய் இல்லைங்க. அவங்க எல்லாரும் எங்ககிட்டயும் வந்தவங்க. பதினாலு ஊசியும் போட்டுக்கிட்டவங்க. பொழைச்சது அதனால."

உரிப்பதை நிறுத்திவிட்டார். "அப்போ கயிறு?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சு. வேற ஒண்ணும் செய்யலை."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"எனக்கு அது தெரியாதே, சார். முன்னல்லாம் பயந்துனுதான் கட்டுவன். அப்புறம் எல்லாரும் பொழைக்கவும், நமக்குக் கை கூடிடுச்சுன்னு நெனச்சிட்டன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு இல்ல? கோயிலாண்ட நான் சொன்னப்போ பேசாம இருந்தீங்களே."

எழுந்து வந்துவிட்டேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் நாலைந்து பேரோடு நான் சொல்வதை நிறுத்தியது உட்பட. அவர் கேட்டுக்கொண்டார். தண்டனை எதுவும் தரவில்லை. அன்றிலிருந்து நாய்க்கடிக்கு வருகிறவர்களிடம் பேசுவதை அவரே எடுத்துக்கொண்டார். ஆனால் பேச ஆள் வரவேண்டுமே. ஏகாம்பரம் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. மக்கள் வேறு ஊர்களில் வேறு ஆட்களைத் தேடிப் போனார்கள். அவர்களிடம் எவர்சில்வர் நியாயமெல்லாம் செல்லாது. நாலைந்து மாதம் ஒரு நாய்க்கடிகூட எங்களிடம் வரவில்லை. அந்த மாதங்களில் எத்தனை பேர் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நான் உண்மையைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல், ஒருவரை உடைத்த பிறகு சொன்னதன் பலன் இது என்று நினைத்துக்கொண்டு ஃபிரிட்ஜின் திரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு நாள் காலையில் வல்லம் பக்கத்திலிருந்து ஒரு ஆள் நொண்டிக்கொண்டு வந்தார். கெண்டைக்காலில் நல்ல கடி. மணிக்கட்டைப் பார்த்தேன், கயிறு இல்லை. டாக்டர், "நாய் எங்கே?" என்று கேட்டுவிட்டு, காலைக் குழாயடியில் பிடித்துக் கழுவத் தொடங்கினார். நான் சோப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன்.

"ஏகாம்பரத்துகிட்டதான் போனன் சார். கட்டமாட்டன்னுட்டாரு. எவ்ளோ கெஞ்சியும் கேக்கல. இங்க போகச் சொன்னாரு. ஊசின்னா பயமா இருக்குது, நாளைக்கிப் போறன்னு சொன்னன். கூடவே நடந்து வந்து பஸ் ஏத்தி வுட்டாரு."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணியும் இல்ல சார். பஸ்ஸு கெளம்பறப்போ ஜன்னலாண்ட வந்து, 'எம் பொஞ்சாதிக்கு நான் கயிறுதான் கட்டனன்'னு சொன்னாரு."